கூரை அறுத்த அம்பாசிடர்

என்னைச் சிடுமூஞ்சிக் கிழவன் என்று சொல்லிவிட்டுப் போனார்களாம் அந்த இரண்டு இன்ஜினியர்கள். தாராளமாகச் சொல்லட்டும். போன மாதம் கிருஷ்ணன்கோவிலிலிருந்து ராஜபாளையத்தில் என் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார்கள். பழைய கார்களைப் புதுப்பித்து விற்கும் தொழில் தொடங்கியிருக்கிறார்களாம். செல்போனில் ஒரு படம் காட்டினார்கள். ஓர் அம்பாசிடர். எங்கும் அடிபடாத, ஒழுங்கான வண்டி. பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் அவர்களில் ஒருவர் படத்தின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார்.

"பாய், இந்தக் கூரையை மட்டும் எடுத்துட்டா ஓப்பன் கார் ஆயிரும். கல்யாண சீசன்ல வண்டி நிக்கவே நிக்காது. நீங்க வந்து எங்க அறுக்கணும்னு மட்டும் கோடு போட்டுக் குடுங்க, போதும்."

"எதுக்கு அறுக்கணும்? கூரை ஒழுகுதா?"

"மாப்பிள்ளை நின்னுக்கிட்டு வரணும்ல பாய்."

"நிக்கணும்னா தரையில நிக்கச் சொல்லுங்க. எந்திரிங்க மொதல்ல!" என்று கத்தினேன். டீயோடு வந்த என் மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவர்கள் போன பிறகு, வீடு தேடி வந்த பிள்ளைகளை இப்படியா விரட்டுவீர்கள் என்று என்னை ஒரு பிடி பிடித்தாள். அவளுக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் திட்டினாள். அந்த இரண்டு பேருக்கும் காரணம் தெரியாது. அவர்களுக்காகவும், கையில் அறுக்கிற மெஷினை வைத்துக்கொண்டு அலைகிற மற்றவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

நான் டிங்கர். நசுங்கிய தகட்டை நிமிர்த்துவது, துருப்பிடித்ததை வெட்டிவிட்டுப் புதுத்தகடு பற்றவைப்பது, பெயிண்டருக்கு வண்டியைத் தயார் செய்து கொடுப்பது, இதுதான் என் வேலை. பத்தாம் வகுப்பில் தோற்ற வருஷம் ராஜபாளையத்தில் கோதண்டராஜு முதலாளியின் பட்டறையில் சேர்ந்தேன். இரண்டு வருஷம் துரு சுரண்டினேன். மூன்று வருஷம் அடுத்தவன் அடிக்கும் தகட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு சுத்தியல் என் கைக்கு வந்தது. கற்றுக்கொண்ட கதை அவ்வளவுதான். எல்லாப் பட்டறையிலும் அதே கதைதான்.

முதலாளியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டைதான் போடுவார். பட்டறை முழுக்க நடமாடுவார், ஒரு பொட்டு கிரீஸ் அதில் ஒட்டாது. சட்டைப் பையில் ஒரு துண்டு பேண்டேஜ் துணி மடித்து வைத்திருப்பார். சத்திரப்பட்டித் தறிகளில் நெய்கிற துணிதான், எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம். அதை நிமிர்த்திய தகட்டின் மேல் விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, இடது உள்ளங்கையை அதன்மேல் மெதுவாக ஓட்டுவார். வெறும் கைக்குப் பிடிபடாத மேடுபள்ளம் துணி போட்டால் தெரிந்துவிடும். எங்கே கை நிற்கிறதோ அங்கே வேலை பாக்கி என்று அர்த்தம். "பாக லேதுரா" என்று தெலுங்கில் சொல்வார், நன்றாக இல்லை என்று. சத்தம் போட மாட்டார். அவர் சத்தம் போட்டிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கதவு வேலை முடிந்தால் ஒரே விரலால் தள்ளிச் சாத்திப் பார்ப்பார். இரண்டாவது விரல் தேவைப்பட்டால் கதவைக் கழற்ற வேண்டியதுதான்.

பள்ளத்தைப் பட்டி போட்டு நிரப்பிப் பெயிண்ட் அடித்துத் தள்ளிவிடும் பட்டறைகள் சுற்றிலும் பத்து இருந்தன. எங்கள் பட்டறையில் பட்டி டப்பாவைத் திறக்க முதலாளியிடம் அனுமதி கேட்க வேண்டும். அப்பேர்ப்பட்ட மனுஷன் என்பதால்தான் எனக்கு ஆத்திரம் இன்னும் தீரவில்லை. தெரியாதவன் செய்தால் போகிறது, கழுதை என்று விட்டுவிடலாம்.

வன்னியம்பட்டியிலிருந்து ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், சீனிவாசகம் என்று பெயர், ஓர் அம்பாசிடரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அப்பா வாங்கிய வண்டி. வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக நின்றது. தரைத்தகடு அப்பளம் மாதிரி நொறுங்கியது. கதவுகளுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளமாக ஓடுகிற பெட்டித்தகட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. "ஓடணும் ராஜு, அழகா இருக்கணும்னு இல்லை. ஓடணும்" என்றார் வாத்தியார்.

பதினாலு மாதம் ஆனது. இப்போது வீடியோவில் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுகிறார்களே, அது எந்த ஊர் வேலை என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் வண்டியை நான்கு இடத்தில் ஸ்டாண்டு கொடுத்துத் தூக்கி நிறுத்தி, கொத்தனார் வைக்கிற ரசமட்டத்தை வைத்துப் பார்த்தோம். கதவைக் கழற்றும் முன்பே, கதவுக்கும் கூரையைத் தாங்குகிற தூணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஒவ்வொரு கதவிலும் நான்கு இடத்தில் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினோம். கதவு இருந்த வாசலுக்குக் குறுக்கே, மூலைக்கு மூலை ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவைத்தோம். அதற்குப் பிறகுதான் துருவில் கை வைத்தோம். ஒரு பக்கம் வெட்டி, புதுத்தகடு வைத்து, சூடு ஆறவிட்டு, சுவரில் எழுதிய கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரியென்றால் மறுபக்கம். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டியவனை முதலாளி பட்டறையை விட்டே அனுப்பியிருக்கிறார்.

வாத்தியார் தினமும் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வார். "தகடு மாத்துறதுக்கு எதுக்கு இம்புட்டு இரும்பு?" என்று ஒருநாள் கேட்டார்.

முதலாளி ஒரு தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினார். குச்சிகளைக் கொட்டிவிட்டு, மேலே மூடியிருக்கிற கூட்டை மட்டும் எடுத்து இரண்டு முனையையும் பிடித்து வளைத்தார். வளையவில்லை. பிளேடால் அதன் மேல்பக்கத்தை அறுத்து எடுத்தார். மறுபடி வளைத்தார். துணி மாதிரி தொங்கியது.

"லாரிக்கும் ஜீப்புக்கும் அடியில தனியா சேஸ்னு ஒரு இரும்புச் சட்டம் இருக்கு சார், மேல எதை வேணும்னாலும் வெட்டலாம். இதுக்கு அது கிடையாது. கூரை, தூணு, தரை மூணும் சேந்துதான் இதுக்கு முதுகெலும்பு. ஒண்ணை எடுத்தா மத்தது ரெண்டும் தாங்காது."

இதைச் சொன்னவர் கோதண்டராஜு. என் காதால் கேட்டேன்.

வாத்தியார் அந்த வண்டியை ஆறு வருஷம் ஆசை தீர ஓட்டினார். அவர் இறந்த பிறகு வெளிநாட்டில் இருந்த மகன்கள் அதை விற்றுவிட்டார்கள். வாங்கியவன் ஸ்ரீவில்லிபுத்தூர் முத்துக்குமார். கல்யாணத்துக்குப் பந்தல், மணவறை, சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். வண்டியை நேரே எங்கள் பட்டறைக்குத்தான் ஓட்டி வந்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஓப்பன் கார் வேண்டுமாம், கூரையை எடுக்க வேண்டுமாம். அப்போது எங்கும் அதுதான் மோகம். மாப்பிள்ளை கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, சினிமாக்காரன் மாதிரி நின்றுகொண்டே கையாட்ட வேண்டும்.

முதலாளி மூன்று தடவை முடியாது என்று திருப்பி அனுப்பினார். நான்காவது தடவை சரி என்றுவிட்டார். பட்டறையில் வேலை குறைந்துபோயிருந்தது, அடிபட்ட வண்டிகளெல்லாம் கம்பெனி ஷோரூமுக்கே போய்க்கொண்டிருந்தன. அது எனக்கும் தெரியும். பசி எனக்கும்தான் இருந்தது. அப்போதும் முதலாளி ஒரு நிபந்தனை போட்டார். தரைக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் இரண்டு கனமான சதுர இரும்புக்குழாய் வைக்க வேண்டும், முன்சீட்டுக்குப் பின்னால் வளைவாக ஒரு கம்பி எழுப்ப வேண்டும்.

"கம்பி தெரிஞ்சா போட்டோவுல அசிங்கமா இருக்கும்ணே. அடியில போடுற குழாய்க்கும் இப்ப நேரமில்லை. எட்டு நாள்ல முகூர்த்தம் இருக்கு. அட்வான்ஸ் வாங்கிட்டேன். ஊர்கோலம் போற வேகத்துக்கு என்ன ஆயிரப் போவுது? நடந்து போறவன் முந்திப் போவான்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "அறுலே சாகுலு" என்றார்.

அறுத்தேன். யார் சொல்லி அறுத்தாலும் அறுத்த கை இந்தக் கைதான். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னாலிருந்து டிக்கி வரைக்கும் கூரையைத் தனியாகத் தூக்கி வெளியே வைத்தோம். வண்டிக்கு அடியில் கொடுத்திருந்த ஸ்டாண்டை எடுத்ததும் நான்கு கதவும் அடித்துவைத்த ஆணி மாதிரி இறுகிவிட்டன. நடு உடம்பு தொய்ந்து, தூண்கள் கதவைக் கடித்துக்கொண்டன. நடுவில் ஜாக்கி வைத்து லேசாகத் தூக்கினால் கதவு திறந்தது. இறக்கினால் இறுகியது.

"முதலாளி, குழாய் வச்சே தீரணும். இது நிக்காது."

"நாள் எங்கலே இருக்கு? கதவு ஓரத்தைத் தேச்சு விடு. பூட்டு மாட்டுற கொக்கியையும் செத்த ராவி விடு. அப்புறமாக் கூப்பிட்டுக் குழாய் வச்சுக்கலாம்."

தொய்ந்துபோன வண்டிக்குப் பொருந்துகிற மாதிரி கதவுகளைத் தேய்த்தேன். கொக்கியை அரத்தால் ராவினேன். கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. வண்டி நிமிர்ந்தால் இந்த இடைவெளி அகலும், பூட்டின் நாக்குக்குப் பிடிமானம் இருக்காது என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தேதான் தேய்த்தேன். வெள்ளைப் பெயிண்ட் அடித்து, சிவப்பு ரெக்சின் தைத்து, எட்டாம் நாள் அனுப்பிவிட்டோம். குழாய் வைக்க முத்துக்குமார் திரும்பி வரவே இல்லை. வருவானா? சீசன் அப்படி ஓடியது.

ஐந்தாவது கல்யாணமோ ஆறாவதோ. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளையும் அவர் நண்பரும் பின்னால் நிற்கிறார்கள், அவர்கள் காலடியில் மூன்று சின்னப்பிள்ளைகள். முன்னால் பேண்டு வாத்தியம். மண்டபத்துக்கு முந்திய வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியபோது பின்கதவு தானாகத் திறந்து, அதில் சாய்ந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் அக்கா மகள், ஆறு வயசுப் பிள்ளை, கீழே விழுந்தாள். பின்சக்கரம் அவள் கால்மேல் ஏறியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அதோடு நின்றதற்குக் காரணம் டிரைவர். சத்தம் கேட்ட அந்த நொடியே பிரேக்கை மிதித்துவிட்டார்.

அந்த டிரைவர் பெயர் காளிராஜ். சுந்தரபாண்டியத்துக்காரர். மினி பஸ் ஓட்டுகிறவர், முகூர்த்த நாட்களில் மட்டும் முத்துக்குமாருக்கு வண்டி ஓட்டப் போவார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதே அவர்தான். ஆனால் அன்றைக்கே முத்துக்குமார் எல்லாரிடமும் சொல்லிவிட்டான், டிரைவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை என்று. மறுநாள் அது டிரைவர் குடித்திருந்தான் என்று ஆனது. அந்த மனுஷன் பீடிகூடத் தொட்டதில்லை. போலீஸ் கேஸ் போட்டு லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டது. மினி பஸ் முதலாளி இனிமேல் வராதே என்று சொல்லிவிட்டார். காய்கறி வாங்கப் போன அவர் மனைவியைப் பார்த்து, பிள்ளையைக் கொல்லப் பார்த்தவன் பொண்டாட்டி என்று நடுச்சந்தையில் பேசியிருக்கிறார்கள்.

இதெல்லாம் என் காதுக்கு வந்துகொண்டேதான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பது நாள்.

ஏன் என்று கேட்டால் என்ன சொல்ல? பயம்தான். வேலை போகும் என்ற பயம், போலீஸ் என்ற பயம், முப்பது வருஷத்துக்கு மேல் சோறு போட்ட முதலாளி என்ற பயம். முதலாளியும் என்னிடம் வந்து, "பழைய பூட்டு, டிரைவர் பாத்துச் சாத்தலை. அம்புட்டுதான்லே. மனசைப் போட்டு உழப்பாத" என்றார். நானும் உழப்பிக்கொள்ளாமல் இருக்க முயற்சி செய்தேன். சோறு இறங்கவில்லை, ஆனால் வாயும் திறக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் ஸ்டேஷன் வளாகத்தில் வண்டியைப் பார்க்கப் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பட்டறை சார்பில் என்னையும் அழைத்துக்கொண்டு முதலாளி போனார். பூட்டு நல்லாத்தான் இருந்தது என்று நான் சொல்ல வேண்டும். அதைப் பஸ்ஸில் போகும்போதே இரண்டு தடவை சொல்லிக்கொடுத்துவிட்டார். முத்துக்குமார் முன்னாலேயே வந்து நின்றான். காளிராஜ் மரத்தடியில் தனியாக நின்றார். ஆள் பாதியாகிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர். காளிராஜைக் கூப்பிட்டு, "அன்னைக்கு எப்படிச் சாத்தினியோ அதே மாதிரி சாத்து" என்றார். சாத்தினார். இன்ஸ்பெக்டர் கதவை இழுத்தார். வரவில்லை. இன்னொரு தடவை பலமாக இழுத்தார். வரவில்லை.

"பூட்டு பிடிக்குதே. அப்ப நீ சாத்தலைன்னுதான அர்த்தம்?"

"சாத்துனேன் சார். பிள்ளைக ஏறுனதும் ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேன் சார். எம்பிள்ளை மேல சத்தியமா சார்."

"எல்லாரும் இதத்தான் சொல்லுவாங்க" என்று முத்துக்குமார் சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான். வேறு ஒன்றுமில்லை, அந்தச் சிரிப்புதான் என்னைப் பேச வைத்தது. "சார், ஒரு ஜாக்கி குடுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முதலாளி என் கையைப் பிடித்தார். உதறிவிட்டேன்.

வண்டியின் நடுவில், கதவுக்கு அடியில் ஜாக்கியை வைத்தேன். இரண்டு கான்ஸ்டபிள்களும் இன்ஸ்பெக்டரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாகச் சுற்றினேன். சாத்தியிருந்த கதவுக்கும் தூணுக்கும் நடுவில் இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகன்றது. ஒரு விரல் நுழைகிற அளவு வந்ததும் டக்கென்று ஒரு சத்தம். யாரும் தொடாமலே கதவு திறந்து வெளியே ஆடியது.

"வேகத்தடையில ஏறி இறங்குறப்ப வண்டி இப்படித்தான் ஒரு நொடி நிமிரும் சார். கூரை இருந்தா நிமிராது, தொய்யவும் செய்யாது. கூரையை அறுத்தது நான். கதவைத் தேச்சது நான். கொக்கியை ராவினது நான். அடியில குழாய் வைக்காம அனுப்பினது எங்க பட்டறை. டிரைவர் மேல ஒரு தப்பும் இல்லை."

"ஏலே, இறக்குலே அதை" என்றார் முதலாளி. அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசி வார்த்தை. இன்ஸ்பெக்டர் என்னை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். பூட்டு, தேய்த்த ஓரம், கொக்கி எல்லாவற்றையும் எடுத்தார். வண்டியின் அமைப்பை மாற்ற யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று முத்துக்குமாரைக் கேட்டார். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

காளிராஜ் பெயரைக் கேஸிலிருந்து எடுத்தார்கள். முத்துக்குமார், முதலாளி, நான் என்று மூன்று பேர் பெயரையும் சேர்த்தார்கள். கோர்ட்டுக்கு நடந்தேன், அபராதம் கட்டினேன், வேலை போனது. பிறகு ஓய்வு பெறும் வரை வேறொரு பட்டறையில் வேலை பார்த்தேன். அதற்கெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை, அது எனக்கு வந்திருக்க வேண்டியதுதான். அந்தப் பிள்ளை இப்போது நடக்கிறாள், இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நேரில் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் ஸ்டேஷனுக்கு வெளியே நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. காளிராஜ் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். மடையன் நான், அதை எதிர்பார்த்தேன். இரண்டு வார்த்தை ஆறுதல்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"பாய், இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எது?"

"கதவு இப்படித் திறக்கும்னு."

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தேய்க்கும்போதே தெரியும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். கோபப்படவில்லை. "பத்தொம்பது நாளா எம்மக எங்கூடப் பேசல பாய். நெசமாவே நீ அந்தப் பாப்பாவைத் தள்ளிவிட்டியாப்பான்னு கேட்டா. நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பாத்தேன், ஒருவேளை நாந்தான் சாத்தலையோன்னு. சாத்துன கையை நானே நம்பாமப் போயிட்டேன். நீங்க தெரிஞ்சுக்கிட்டே இருந்திருக்கீங்க." அவ்வளவு சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டார்.

மினி பஸ் வேலை அவருக்குத் திரும்பக் கிடைத்தது. சுந்தரபாண்டியத்தில் என் மச்சினி வீடு இருக்கிறது, மாதம் ஒரு தடவை அந்த பஸ்ஸில்தான் போகிறேன். என்னைப் பார்த்தால் எல்லாருக்கும் நிறுத்துவது போல நிறுத்துவார். நான் ஏறி, டிக்கெட் எடுத்து, அவருக்கு நேர் பின்னாலேயே உட்காருவேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்டக்டர் கதவைச் சாத்தி விசில் கொடுத்த பிறகும், காளிராஜ் பஸ்ஸை நகர்த்த மாட்டார். இறங்கி வந்து, கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஏறுவார்.